குற்றவாளி கண்டன்சர்

வரலாற்றுத் தொடர்

அத்தியாயம் 1: லெய்டனில் விழுந்த அடி

1745-46 குளிர்காலம். நெதர்லாந்தின் லெய்டன் நகரம். பேராசிரியர் பீட்டர் வான் முஷென்ப்ரூக்கின் ஆய்வுக்கூடம்.

சுழலும் கண்ணாடி உருண்டையில் கையை வைத்துத் தேய்த்தால் மின்சாரம் பிறக்கும் என்பது அன்றைக்கே தெரியும். பிறந்த மாத்திரத்தில் அது ஓடிவிடும் என்பதும் தெரியும். அதைப் பிடித்துவைக்க ஒரு பாத்திரம் வேண்டும். கண்ணாடிக் குப்பியில் தண்ணீரை ஊற்றி, உள்ளே ஒரு கம்பியை விட்டு, தண்ணீருக்குள் மின்சாரத்தைச் சேர்த்துப் பார்க்கலாம் என்று பேராசிரியர் முயன்றுகொண்டிருந்தார். மின்சாரம் கசிந்துவிடாமலிருக்க, குப்பியை அதைக் கடத்தாத பீடத்தின் மேல்தான் வைக்க வேண்டும் என்பது அக்கால விஞ்ஞானிகளின் விதி. விதி தெரிந்தவர்கள் அப்படியே வைத்தார்கள். சொல்லிக்கொள்ளும்படி எதுவும் சேரவில்லை.

ஆந்திரேயாஸ் குனேயஸுக்கு அந்த விதி தெரியாது. அவர் வக்கீல். ஆர்வத்தில் ஆய்வுக்கூடத்துக்கு வந்துபோகிறவர். குப்பியைக் கையிலேயே பிடித்துக்கொண்டு மின்சாரம் ஏற்றினார். மறு கையால் கம்பியைத் தொட்டார்.

அவ்வளவுதான். ஆளையே உலுக்கிப் போட்டது அடி.

விஷயம் தெரிந்ததும் முஷென்ப்ரூக் பெரிய கருவியை வைத்துத் தானும் செய்து பார்த்தார். பிறகு பிரான்ஸிலிருந்த விஞ்ஞானி ரியோமருக்குக் கடிதம் எழுதினார். பிரெஞ்சு ராஜ்யத்தையே எழுதிக் கொடுத்தாலும் இன்னொரு தடவை அதைத் தொடமாட்டேன் என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

உண்மையில் இந்த அடியை முதலில் வாங்கியவர் வேறொருவர். பொமரேனியாவில் தேவாலய அதிகாரியாக இருந்த எவால்ட் வான் கிளைஸ்ட், 1745 அக்டோபர் 11 அன்றே மருந்துக் குப்பிக்குள் ஆணியை விட்டு இதைக் கண்டுவிட்டார். பலருக்கும் எழுதினார். அவர் எழுதியதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் பலருக்கு ஒன்றும் நடக்கவில்லை. குப்பியைக் கையில் பிடிப்பதுதான் சூட்சுமம் என்பது அவர்களுக்குப் பிடிபடவில்லை. எனவே பெயர் லெய்டனுக்குப் போனது. 'லெய்டன் ஜாடி' என்று அதற்குப் பெயர் சூட்டியவர், பாரிஸைச் சேர்ந்த அபே நொலே என்ற பாதிரியார்.

நொலே விஞ்ஞானி மட்டுமல்ல, வித்தைக்காரரும்கூட. 1746-ல் வெர்சாய் அரண்மனையில், பதினைந்தாம் லூயி மன்னர் முன்னிலையில் 180 காவல் வீரர்களைக் கைகோத்து நிற்க வைத்தார். வரிசையின் ஒரு முனையில் ஜாடி, மறு முனையில் கம்பி. தொட்ட கணத்தில் 180 பேரும் ஒன்றாகத் துள்ளினார்கள்.

துள்ளல் எல்லோருக்கும் பிடித்தது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டவர் அட்லாண்டிக்குக்கு அப்பால், ஃபிலடெல்ஃபியாவில் இருந்தார். ஜாடிக்குள் மின்சாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? பெஞ்சமின் ஃபிராங்க்ளின், மின்சாரம் ஏற்றிய ஜாடியின் தண்ணீரை வேறொரு குப்பியில் ஊற்றினார். அந்தக் குப்பி அடிக்கவில்லை. பழைய ஜாடியில் புதுத் தண்ணீரை ஊற்றினார். அது அடித்தது! ஆக, சரக்கு தண்ணீரில் இல்லை, கண்ணாடியில் இருக்கிறது என்றார் ஃபிராங்க்ளின். பிற்கால இயற்பியல் இந்த விளக்கத்தில் நிறையத் திருத்தம் போட்டுவிட்டது. ஆனாலும் அவர் விரல் நீட்டிய இடம் சரி. இரண்டு கடத்திகள், நடுவே கடத்தாத ஒரு சுவர். எல்லா ரகசியமும் அந்தச் சுவரில்.

பள்ளிப் புத்தகத்தில் 'மின்தேக்கி' என்று படித்த அதே சாதனம்தான் இது. ரேடியோ மெக்கானிக்கின் மேஜையில் அதற்குப் பெயர் கண்டன்சர். கடத்தியின் பரப்பு கூடினால் கொள்ளளவு கூடும். சுவர் மெலிந்தால் கூடும். சுவர் எந்தப் பொருளால் ஆனது என்பதைப் பொறுத்தும் மாறும். இந்தக் கடைசி விஷயத்தை 1837-ல் அளந்து சொன்னவர் மைக்கேல் ஃபாரடே. கொள்ளளவின் அலகுக்கு ஃபாரட் என்று அவர் பெயரையே வைத்தார்கள்.

இங்கிருந்து ஒரே தாவலில் 1920-களுக்குப் போய்விடலாம்.

வீடுகளில் ரேடியோ நுழைந்த காலம் அது. வால்வு ரேடியோக்கள் பேட்டரியில் ஓடின. வால்வின் இழையைச் சூடாக்க ஒரு பேட்டரி, பிளேட்டுக்கு உயர் வோல்ட்டேஜ் தர இன்னொன்று. கனம் தாங்காது, செலவு கட்டாது, ஆசிட் வேறு கம்பளத்தில் சிந்தும். சுவரில்தான் மின்சாரம் இருக்கிறதே, அதில் செருகினால் என்ன? 1925-ல் கனடாவின் டொராண்டோவில் எட்வர்ட் ரோஜர்ஸ் பேட்டரியே இல்லாத ரேடியோவை விற்பனைக்குக் கொண்டுவந்தார். மற்றவர்களும் அதே பாதையில் இறங்கினார்கள்.

இறங்கியவர்களை வழிமறித்தது ஒரு சத்தம். 'ம்ம்ம்ம்' என்று ஸ்பீக்கரிலிருந்து ஓயாமல் வரும் உறுமல். ஹம்.

வீட்டு மின்சாரம் ஏசி. விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னுமாகப் போய்வருவது. ரெக்டிஃபையர் அதை ஒரே திசையில் திருப்பிவிடும், ஆனால் சமப்படுத்தாது. விநாடிக்கு 100 மேடு, 100 பள்ளம். கார்ப்பரேஷன் தண்ணீர் விட்டுவிட்டு வந்தாலும், மொட்டைமாடித் தொட்டி பெரிதாக இருந்தால் குழாயில் சீராக விழுமல்லவா? அப்படியொரு தொட்டி ரேடியோவுக்கும் வேண்டும். அதுதான் ஃபில்டர் கண்டன்சர். எவ்வளவு பெரிய தொட்டி? 8 மைக்ரோ ஃபாரட் இருந்தால் உறுமல் ஓரளவு அடங்கும்.

கேட்க அற்பமான எண். ஆனால் அரை லிட்டர் லெய்டன் ஜாடி ஒன்றின் கொள்ளளவு சுமார் 1 நானோ ஃபாரட்தான். 8 மைக்ரோ ஃபாரட்டுக்கு 8,000 ஜாடிகள்! மெழுகு தோய்த்த காகிதத்தைச் சுவராக வைத்துச் சுருட்டிய கண்டன்சர்கள் வந்துவிட்டன என்றாலும், இந்த அளவுக்கு அவையும் செங்கல் செங்கலாக இடத்தை அடைத்தன. விலையும் அதிகம்.

சுவர் மெலிய வேண்டும். காகிதத்தைவிட, மைக்காவைவிட, மனிதன் வெட்டியெடுக்கக்கூடிய எதையும்விட.

அப்படிப்பட்ட சுவர், 30 ஆண்டுகளாக ஒரு ஜெர்மன் காப்புரிமைக் காகிதத்தில் தூங்கிக்கொண்டிருந்தது. யாரும் கட்ட வேண்டாம், தானே முளைக்கும். ஒரே ஒரு சிக்கல். கவனிக்காமல் விட்டால் தானே கரையவும் செய்யும். அது தெரியாமல் சுவிட்சைப் போட்டவர்கள் வீட்டில் என்ன நடந்தது?

(தொடரும்)

அத்தியாயம் 2: தானே முளைத்த சுவர்

கரோல் பொல்லாக் போலந்துக்காரர். பேட்டரி செய்வது தொழில்.

அலுமினியத் தகட்டைத் தகுந்த திரவத்தில் அமிழ்த்தி, அதை நேர்முனையாக்கி மின்சாரம் பாய்ச்சினால், தகட்டின் மேல் ஆக்சைடு படலம் ஒன்று படியும். படிந்ததும் மின்சாரம் நின்றுவிடும். இது பொல்லாக்குக்கு முன்பே தெரிந்த சங்கதி. அவர் கவனித்தது வேறு. திரவம் நடுநிலையாகவோ சற்றே காரத்தன்மையோடோ இருந்தால், மின்சாரத்தை நிறுத்திய பிறகும் படலம் நிலைத்து நிற்கிறது. வெண்காரக் கரைசலே போதும். 1896-ல் விண்ணப்பித்தார், அடுத்த ஆண்டு அந்த ஜெர்மன் காப்புரிமை கிடைத்தது.

அந்தப் படலம்தான் சுவர். எத்தனை வோல்ட் கொடுக்கிறோமோ அதற்குத் தக்க கனத்தில் வளரும். ஒரு வோல்ட்டுக்குச் சுமார் 1.4 நானோமீட்டர். 450 வோல்ட்டில் வளர்த்தால்கூட, ஒரு மில்லிமீட்டரை 1,600 கூறாக்கினால் ஒரு கூறு அளவுதான் வரும். சுவர் இவ்வளவு மெல்லியது என்பதால், உள்ளங்கையில் அடங்கும் டப்பாவுக்குள் 8 மைக்ரோ ஃபாரட் உட்கார்ந்துவிட்டது.

இதில் ஒரு நுட்பத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். சுவரின் ஒரு பக்கம் அலுமினியம். மறு பக்கத்துக் கடத்தி எது? டப்பா என்று தோன்றும். இல்லை, திரவம். டப்பா அந்தத் திரவத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் தொடர்புக் கம்பி, அவ்வளவே. திரவத்துக்கு என்ன ஆகிறதோ அதுவே கண்டன்சருக்கும் ஆகும். இந்தத் தொடரில் இனி வரும் பெரும்பாலான குற்றங்களுக்கு வேர் இங்கேதான்.

1920-களின் இறுதியில் அமெரிக்க ரேடியோக்களில் இடம்பிடித்த ரால்ஃப் மெர்ஷானின் கண்டன்சர்களுக்குள் நிஜமாகவே திரவம் தளும்பியது. நிமிர்ந்துதான் நிற்க வேண்டும், சாய்த்தால் ஆபத்து. 1925-லேயே நியூயார்க் பக்கம் சாமுவேல் ரூபன் இதற்கு மாற்று தேடிவிட்டார். பசை போன்ற கரைசலில் தோய்த்த பட்டையை இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே வைத்துச் சுருட்டும் வழி. 'உலர்' கண்டன்சர் என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் உலர், உள்ளே ஈரம் இருந்தே ஆக வேண்டும். பிற்காலத்தில் டியூராசெல் ஆன நிறுவனத்தின் ஆரம்பக் கதையிலும் இதே ரூபன் உண்டு.

திரவத்தைக் கடத்தியாகக் கொண்ட இந்த 'எலக்ட்ரோலிட்டிக்' கண்டன்சர் 1930-களில் ரேடியோவின் நிரந்தரக் குடியாகிவிட்டது. உறுமல் அடங்கியது. கூடவே புதுப் பிரச்சினைகள் முளைத்தன.

முதல் பிரச்சினை, சும்மா இருத்தல். மின்சாரம் வந்துபோய்க்கொண்டிருந்தால் சுவரில் விழும் சிறு ஓட்டைகளைக் கண்டன்சரே ஆக்சைடு போட்டு அடைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் பரணில் கிடந்தால் அடைக்க ஆள் இல்லை. சுவர் அங்கங்கே நலிந்துவிடும். தாத்தா காலத்து ரேடியோவை ஆசையாக இறக்கி, தூசி தட்டி, நேராகப் பிளக்கில் செருகினால் முழு வோல்ட்டேஜும் நலிந்த சுவரில் மோதும். மின்சாரம் ஊடுருவும், திரவம் கொதிக்கும், வாயு சேரும், டப்பா வெடிக்கும். போன வாரம் கேட்ட கேள்விக்கு இதுதான் பதில்.

விவரம் தெரிந்தவர்கள் அவசரப்படமாட்டார்கள். கண்டன்சரைத் தனியே கழற்றி, சில பத்துக் கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக டிசி கொடுத்து, வோல்ட்டேஜைப் படிப்படியாக ஏற்றுவார்கள். கசியும் மின்னோட்டம் மெல்ல இறங்கினால் சுவர் மறுபடி வளர்கிறது என்று அர்த்தம். மணிக்கணக்கில் காத்தும் இறங்காவிட்டால் குப்பைக்கூடைதான். வேலை முடிந்ததும் மிச்ச மின்சாரத்தை ரெசிஸ்டர் வைத்து இறக்க வேண்டும், ஸ்குரூ டிரைவரால் ஷார்ட் செய்யக் கூடாது. இறக்கிய பிறகும் சில வோல்ட்டுகள் தாமாக மீண்டு வரும் என்பதால் மறுபடி ஒருமுறை அளந்து பார்த்தே கை வைப்பார்கள். 400 வோல்ட் ஏறிய டப்பா, வெர்சாயின் காவல் வீரர்களைப் போல வெறுமனே துள்ள வைத்து விட்டுவிடாது. உயிரையே வாங்கும்.

இரண்டாம் பிரச்சினை இதைவிடத் தந்திரமானது. குற்றவாளி எலக்ட்ரோலிட்டிக்கூட இல்லை. விரல் நீளம் இருக்கும் சாது, மெழுகுக் காகிதக் கண்டன்சர்.

ரேடியோவைப் போட்டதும் நன்றாகப் பாடுகிறது. அரை மணி நேரம் கழித்துக் குரல் கரகரக்கிறது. ஒரு மணி நேரத்தில் அவுட்புட் வால்வு தொட முடியாத சூடு. வால்வைப் புதிதாக மாற்றினால் சில மாதத்தில் அதுவும் போகிறது. இன்னும் விட்டுவைத்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துவிடும்.

சந்தேகம் கப்ளிங் கண்டன்சர் மேல் விழும். ஒரு வால்வின் பிளேட்டிலிருந்து பாட்டை மட்டும் அடுத்த வால்வின் கிரிட்டுக்கு விட்டு, டிசி-யைத் தடுத்து நிறுத்துவது அதன் உத்தியோகம். மெக்கானிக் அதைக் கழற்றி மல்டிமீட்டரின் ஓம் அளவையில் வைக்கிறார். முள் அசையவில்லை. கசிவே இல்லை, கண்டன்சர் சுத்தம். மறுபடி மாட்டுகிறார். கரகரப்பு தொடர்கிறது.

எங்கே கோட்டைவிட்டோம்? ஓம் அளவையில் மீட்டர் கொடுப்பது அதன் உள்ளே இருக்கும் பேட்டரியின் சில வோல்ட்டுகளை. ரேடியோவுக்குள் அதே கண்டன்சர் தாங்குவது 150 வோல்ட், அதுவும் வெக்கையில். ஈரத்தை உறிஞ்சிய காகிதம் அந்த வோல்ட்டேஜில்தான் வாய் திறக்கும்.

ஆகவே சோதனையை மாற்ற வேண்டும். கண்டன்சரின் கிரிட் பக்கத்துக் காலை மட்டும் சோல்டரிலிருந்து விடுவியுங்கள். செட்டைப் போட்டு நன்றாகச் சூடேற விடுங்கள். தொங்கும் காலுக்கும் சேசிஸுக்கும் நடுவே வோல்ட்மீட்டரை வையுங்கள். அன்றைக்கு வால்வு வோல்ட்மீட்டர், இன்றைக்கு டிஜிட்டல் மீட்டர். முதலில் ஒரு துள்ளல் வரும், அது சகஜம். பிறகு பூஜ்யத்துக்கு வந்து நின்றால் கண்டன்சர் யோக்கியன். நிற்காவிட்டால்?

கண்டன்சரின் கசிவு 50 மெகா ஓம் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண ஓம் சோதனையில் முள் அசையாத அளவு. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். 150 வோல்ட் இரண்டுக்கும் பங்கிடப்பட்டு மீட்டர் காட்டும் எண் 25 வோல்ட்! சுத்தம் என்று சான்றிதழ் வாங்கிய கண்டன்சர், கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது. காலை மறுபடி கிரிட்டில் சேர்த்தால், 470 கிலோ ஓம் கிரிட் ரெசிஸ்டரில் ஏறக்குறைய 1.4 வோல்ட் நேர்மின்னழுத்தமாக அது விழும். சில வோல்ட் எதிர்மின்னழுத்தத்தில் அடங்கிக் கிடக்க வேண்டிய கிரிட்டுக்கு அதுவே தூண்டுதல். வால்வு கூடுதல் மின்னோட்டம் இழுக்கும், சூடேறும், சூட்டில் கசிவு இன்னும் கூடும்.

1950-களில் பாலியெஸ்டர் ஃபிலிம் வந்து காகிதத்தை ஓரங்கட்டியது. ஆனாலும் காகிதத்துக்கு ஒரு விசித்திரமான மறுவாழ்வு கிடைத்தது. அமெரிக்காவின் ஸ்ப்ரேக் நிறுவனம் செய்த, கறுப்பு உடம்பில் வண்ணக் கோடுகள் போட்ட 'பம்பிள்பீ' கண்டன்சர்கள் 1950-களின் பிற்பகுதியில் வந்த கிப்ஸன் லெஸ் பால் கிதார்களில் இருந்தன. இன்று சேகரிப்பாளர்கள் அவற்றை நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். அதே ரகக் கண்டன்சரை வால்வு ஆம்ப்ளிஃபையரில் கண்டால் மெக்கானிக்குகள் முதல் வேலையாக வெட்டியெறிகிறார்கள். இரண்டு பேரும் சொல்வது நியாயம். கிதாரின் டோன் சர்க்யூட்டில் டிசி கிடையாது. தடுத்து நிறுத்த எதுவும் இல்லாத இடத்தில் கசிந்தால் யாருக்கு என்ன நஷ்டம்?

கண்டன்சரிடம் தப்பான கேள்வியைக் கேட்டால் சரியான பதிலைச் சொல்லித் தப்பித்துக்கொள்ளும். காகிதக் காலம் கற்றுத் தந்த பாடம் இது. பிறகு டிரான்ஸிஸ்டர் வந்தது. வோல்ட்டேஜ் இறங்கியது, கசிவுக் கவலை பெருமளவு தீர்ந்தது. கொள்ளளவைத் துல்லியமாக அளக்கும் மீட்டர்களும் வந்துவிட்டன.

மேஜை மேல் ஓர் ஆம்ப்ளிஃபையர். உறுமுகிறது. ஃபில்டர் கண்டன்சரைக் கழற்றி அளந்தால் 1,000 மைக்ரோ ஃபாரட் இருக்க வேண்டிய இடத்தில் 930. கசிவு இல்லை. ஷார்ட் இல்லை. டப்பா வீங்கவில்லை. எல்லாத் தேர்விலும் பாஸ். ஆனால் புதுக் கண்டன்சரை மாட்டினால் உறுமல் போய்விடுகிறது. பழையதன் குற்றம் என்ன?

(தொடரும்)

அத்தியாயம் 3: பாஸான டப்பா

1996 ஜனவரி. ஆஸ்திரேலியாவின் 'எலக்ட்ரானிக்ஸ் ஆஸ்திரேலியா' மாத இதழில், சொந்தமாகச் செய்துகொள்ளக்கூடிய மீட்டர் ஒன்றின் வரைபடம் வெளியானது. வடிவமைத்தவர் பாப் பார்க்கர். அங்கிருந்த டிக் ஸ்மித் கடைகளில் அது உதிரிபாகத் தொகுப்பாகக் கிடைத்தது. வாங்கி ஒட்டவைத்த மெக்கானிக்குகள் மூலம் அதன் பெயர் கடல் தாண்டியும் பரவியது.

அது கொள்ளளவை அளக்கவில்லை. கசிவையும் அளக்கவில்லை. இ.எஸ்.ஆர். என்ற ஒன்றை அளந்தது. அதாவது, கண்டன்சருக்குள்ளேயே தொடராக ஒளிந்திருக்கும் தடை.

எங்கிருந்து வருகிறது இந்தத் தடை? போன வாரம் குறித்துக்கொள்ளச் சொன்னதை எடுத்துக்கொள்ளுங்கள். சுவரின் மறுபக்கக் கடத்தி, திரவம். டப்பாவின் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், அதன் வழியே திரவம் வருடக்கணக்கில் ஆவியாகிக்கொண்டேதான் இருக்கும். சுவர் அப்படியே நிற்கும், ஆகவே மெதுவாக அளக்கும் மீட்டரில் கொள்ளளவு பெரிதாகக் குறையாது. ஆனால் சுவரைப் போய்த் தொடும் பாதை வறண்டு தடை ஏறிவிடும். 0.1 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டியது 2 ஓம் ஆகும். பவர் சப்ளையில் 1 ஆம்பியர் மேடுபள்ளம் அதன் வழியே போனால் 2 வோல்ட் அலை மிச்சம் நிற்கும். கூடவே டப்பாவுக்குள் 2 வாட் சூடு. சூட்டில் திரவம் இன்னும் வறளும். 930 மைக்ரோ ஃபாரட் காட்டிய நம் ஆசாமியின் குற்றம் இதுதான்.

பார்க்கரின் மீட்டரில் இன்னொரு சாமர்த்தியம். சோதனைக்கு அது கொடுக்கும் துடிப்பு மிகச் சிறியது. டிரான்ஸிஸ்டரையும் டயோடையும் விழிக்க வைக்கச் சுமார் 0.6 வோல்ட் வேண்டும், இது அதற்கும் கீழே. ஆகவே கண்டன்சரைக் கழற்றாமல் போர்டில் இருக்கும்போதே, அக்கம்பக்கம் குறுக்கிடாமல் அளக்கலாம். நூற்றுக்கணக்கான எலக்ட்ரோலிட்டிக்குகள் உட்கார்ந்திருக்கும் ஒரு ஸ்டுடியோ மிக்ஸரைத் திறந்து வைத்துக்கொண்டு, எது செத்தது எது உயிரோடிருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போகலாம்.

இதற்கும் கண்மூடித்தனமான விசுவாசம் உதவாது. உள்ளுக்குள் ஷார்ட் ஆன கண்டன்சரை வைத்தால் இந்த மீட்டர் பூஜ்யம் காட்டும், அதாவது 'முதல் தரம்'! 1 மைக்ரோ ஃபாரட், 10 மைக்ரோ ஃபாரட் போன்ற சின்னக் கண்டன்சர்களுக்குச் சில ஓம் தடை இருப்பதே இயல்பு. அதைப் பார்த்துப் பழுது என்று பிடுங்கிப் போட்டால் நஷ்டம் நமக்கு. மின்சாரம் இறக்காத கண்டன்சரில் வைத்தால் மீட்டரே போய்விடும்.

அதனால் கெட்டிக்கார மெக்கானிக் மீட்டருக்கு முன் காதைத் தீட்டுவார். வால்யூமை முழுக்கக் குறைத்தும் உறுமல் நிற்கவில்லையா? பவர் சப்ளையின் ஃபில்டரைப் பார். வால்யூமோடு சேர்ந்து ஏறி இறங்குகிறதா? கோளாறு அதற்கு முன்னால், பிரீ-ஆம்ப் பக்கம். ஒரு சேனலில் மட்டும் பேஸ் இல்லையா? பாட்டு போகும் வழியிலுள்ள கண்டன்சர் ஒன்று காய்ந்திருக்கலாம். 'பட்-பட்-பட்' என்று மோட்டார் படகு மாதிரி ஓடுகிறதா? சப்ளையின் மேடுபள்ளம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்குத் தொற்றுகிறது, இடையிலிருக்கும் டீகப்ளிங் கண்டன்சரைத் தேடு.

மாற்றும்போதும் கண் வேண்டும். வோல்ட் அளவு பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ, தாங்கும் வெப்பம் 85 டிகிரி இருந்த இடத்தில் 105 டிகிரி. டப்பாவில் பட்டை போட்டுக் காட்டியிருப்பது பெரும்பாலும் மைனஸ் காலை. போர்டில் அச்சடித்திருப்பதோ பல நேரம் பிளஸ் குறி. இரண்டையும் குழப்பித் தலைகீழாக மாட்டினால் பொல்லாக்கின் சுவர் எதிர்த்திசையில் தாக்குப்பிடிக்காது. எல்லாவற்றையும் மொத்தமாக மாற்றிவிடுகிறேன் என்று இறங்குகிறவர்கள் புதுக் கோளாறுகளை உண்டாக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

வெப்பத்தின் கணக்கு ஈவிரக்கமற்றது. 10 டிகிரி ஏறினால் ஆயுள் பாதி என்பது இத்துறையின் பழகிய சூத்திரம். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் என்று உத்தரவாதம் உள்ள கண்டன்சர், 65 டிகிரியில் 32,000 மணி நேரம் வரும். தினம் 5 மணி நேரம் பாட்டுக் கேட்டால் 17 வருடத்துக்கு மேல். அதையே ஹீட்சிங்க்குக்கு ஒட்டினாற்போல் வைத்து 85 டிகிரியில் வேகவிட்டால் 8,000 மணி நேரம், நாலரை வருடம்கூட இல்லை. பழுதான ஆம்ப்ளிஃபையரைத் திறந்ததும் அனுபவசாலியின் விரல் முதலில் ஹீட்சிங்க்கின் அண்டை வீட்டுக்குப் போவது இதனால்தான்.

காலமும் சூடும் சேர்ந்து கொல்வது இயற்கை மரணம். 1980-களின் பிற்பகுதியில் தலைதூக்கியது அப்படியல்ல. சில நிறுவனங்கள் திரவத்தில் குவாட்டர்னரி அம்மோனியம் உப்புகளைச் சேர்த்தன. குறைந்த தடை, நல்ல செயல்பாடு. ஆனால் அந்தக் கலவை மைனஸ் முனைப் பக்கத்தில் காரமாகி, ரப்பர் அடைப்பையே அரித்துக்கொண்டு வெளியே வந்தது. வீடியோ கேமராக்கள், டிஜிட்டல் டேப் ரெக்கார்டர்கள், மெக்கின்டாஷ் கம்ப்யூட்டர்கள் என்று குட்டிக் கண்டன்சர் பொருத்திய சாதனங்களில் போர்டின் தாமிரப் பாதைகளைத் தின்றது. இதற்கு மீட்டரே தேவையில்லை. சோல்டரிங் அயர்னை வைத்த மாத்திரத்தில் அழுகிய மீன் நாற்றம் மூக்கைத் துளைக்கும்.

அடுத்த அலை இதையெல்லாம் சாதாரணமாக்கியது.

1990-களின் இறுதியில் ஜப்பானிய நிறுவனங்கள் தண்ணீர் அதிகம் கலந்த திரவத்துக்கு மாறின. தண்ணீர் மலிவு, தடையும் மிகக் குறைவு. ஆபத்து என்னவென்றால் தண்ணீருக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. இரண்டும் வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயு வரும். அதைத் தடுக்கச் சில ரசாயனங்களைத் துல்லியமாகச் சேர்க்க வேண்டும். அந்தச் சேர்க்கைதான் தொழில் ரகசியம்.

2002-ல் உலகெங்கும் கம்ப்யூட்டர் மதர்போர்டுகளில் கண்டன்சர்கள் தலை வீங்கின. டப்பாவின் உச்சியில் போட்டிருக்கும் குறுக்குக் கீறல் பிளந்து பழுப்புக் கசடு வழிந்தது. டிவி, பவர் சப்ளை என்று மற்ற சாதனங்களுக்கும் பரவியது. ஆயுள் இன்னும் மிச்சமிருக்க வேண்டிய புதுச் சரக்கு! அன்றைய தொழில் இதழ்கள் சொன்ன கதை இது: ஜப்பானின் ரூபிகான் நிறுவனத்திலிருந்து விலகிய ஒரு விஞ்ஞானி, சீனாவில் ஒரு நிறுவனத்துக்காக அதே போன்ற திரவத்தைத் தயாரித்தார். அவரிடம் வேலை பார்த்தவர்கள் சூத்திரத்தைத் தைவானுக்குக் கடத்தினார்கள். கடத்தியது முழுச் சூத்திரம் அல்ல. தடுப்பு ரசாயனங்களின் பகுதி அதில் இல்லை. அரைகுறைச் சூத்திரத்தில் கண்டன்சர்கள் கோடிக்கணக்கில் வார்க்கப்பட்டன.

விற்றுவிட்டு வாயைத் திறக்காதவர்களே அதிகம். பிரச்சினையை வெளிப்படையாக ஒப்புக்கொண்ட மதர்போர்டு நிறுவனமாக அறியப்பட்டது அபிட். திருடனும் கிடைத்தான், திருட்டுப்பொருளும் கிடைத்தது என்று தொழில் உலகம் பெருமூச்சு விட்டது. நல்ல ஜப்பானியப் பெயர் பொறித்த டப்பாவாகப் பார்த்து வாங்குங்கள், பிரச்சினை தீர்ந்தது என்பதே அன்று எல்லோரும் சொன்ன யோசனை.

2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் நிறுவனம் அனுப்பிய ஆப்டிப்ளெக்ஸ் கம்ப்யூட்டர்கள் குறைந்தது 1 கோடியே 18 லட்சம். நீதிமன்ற ஆவணங்கள் பிற்பாடு வெளிப்படுத்திய கணக்கு இது. இந்தக் காலத்து ஆப்டிப்ளெக்ஸ்களில் கண்டன்சர்கள் வீங்கத் தொடங்கின. டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை புகார் செய்தபோது, கஷ்டமான கணக்குகளைப் போட்டு இயந்திரத்தைச் சிரமப்படுத்திவிட்டீர்கள் என்று பதில் வந்ததாம்! 2005-ல் பழுதுச் செலவுக்கென்று டெல் ஒதுக்கிய தொகை சுமார் 30 கோடி டாலர்.

பிளந்த டப்பாக்களின் மேல் பெயர் தெளிவாக அச்சாகியிருந்தது. தைவானின் ஊர்பேர் தெரியாத பட்டறை அல்ல. நிச்சிகான். ஜப்பானின் கியோட்டோவைச் சேர்ந்த பழம்பெரும் நிறுவனம். தங்க நிற உறை போட்ட அதன் ஆடியோ கண்டன்சர்களைத்தான், ஆம்ப்ளிஃபையர் பிரியர்கள் உலகெங்கும் தேடித் தேடி மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

இவர்கள் யாரிடமும் சூத்திரம் திருடவில்லை. திருடத் தேவையும் இல்லை. அப்படியானால் இவர்கள் டப்பாவுக்குள் ஹைட்ரஜன் எப்படி வந்தது?

(தொடரும்)